இரண்டாவது எண்

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணா யாரும்மா திட்டு வாங்குவா?”

அவள் எம்.பி.ஏ. சேர்ந்த வாரத்தில், பாடப்புத்தகத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு மகள் கேட்டது இது. அட்டையில் இருந்த ‘தகவல் தொழில்நுட்ப மேலாண்மை’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள். “யாரும் திட்டு வாங்காம இருக்கத்தான்டி அம்மா படிக்கிறேன்” என்று சிரித்து மழுப்பினாள் அவள்.

ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அந்தக் கேள்வி அவளைத் தேடி வந்தது.

அவளுக்கு வேலை, டயாலிசிஸ் நிலையம் ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில். படிப்பு வார இறுதியில். கடைசிப் பருவத்துக்கான பிராஜெக்டாக, நோயாளிகளுக்குத் தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும் கணினி ஏற்பாடு ஒன்றை உருவாக்கியிருந்தாள். நோயாளியின் எண்ணுக்குச் செய்தி போய்ச் சேராவிட்டால், வீட்டார் யாருடைய எண்ணுக்காவது அது போகும். அந்த இரண்டாவது எண் அவளுடைய சொந்த யோசனை. பேராசிரியர்கூட அதைப் பாராட்டியிருந்தார்.

சோதித்துப் பார்க்கும்போது நிஜ எண்களை மாற்றிவிட வேண்டும் என்று வகுப்பில் காது புளிக்கச் சொல்லியிருந்தார்கள். அவளும் மாற்றினாள். மறுநாள் சிகிச்சைக்கு வர வேண்டிய நாற்பத்து மூன்று பேருக்கும் இல்லாத எண்களைப் போட்டுவிட்டு, ‘நாளைய சிகிச்சை ரத்து’ என்ற செய்தியை அனுப்பிப் பார்த்தாள்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வரவேற்பு மேசையில் தொலைபேசி அடித்தது. “நாளைக்கு இல்லையா? யாருங்க சொன்னது?” என்று வரவேற்பு அக்காவின் குரல் கேட்டது.

அவள் அவசரமாகப் பட்டியலைத் திறந்தாள். முதல் எண்களைத்தான் மாற்றியிருந்தாள். இரண்டாவது எண்கள் அப்படியே இருந்தன. முதல் எண் கிடைக்காததால் ஏற்பாடு அவள் சொல்லிக்கொடுத்தபடியே நடந்திருந்தது: மனைவிக்கு, மகனுக்கு, மருமகளுக்கு என்று நாற்பத்து மூன்று வீடுகளுக்குச் செய்தி போய்விட்டது.

ஒரு முறை சிகிச்சை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் உடம்புகள் அவை. இரண்டு முறை தவறினால் உயிருக்கே ஆபத்து. ஞாயிறு விடுமுறை. திங்கள் வேறு நோயாளிகளின் நாள்; நாளை வராதவர்களுக்கு அடுத்த முறை செவ்வாய்க்கிழமைதான்.

அனுப்பிய பதிவை அழித்துவிடலாம். அதற்கான கடவுச்சொல் அவளிடம் மட்டும்தான் இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? விரல் அந்தப் பொத்தான் வரை போனது. பயம் வந்தால் மனிதன் முதலில் ஒளிய இடம் தேடுகிறான், பிறகுதான் துணையைத் தேடுகிறான். கடவுள் அன்றைக்கு அவள் விரலைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். எழுந்து வெளியே போனாள்.

“என்ன எம்பிஏ, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு? பேய் பரீட்சை வெச்சுதா?” என்றாள் வரவேற்பு அக்கா.

“அக்கா... அந்த மெசேஜ் நான் அனுப்பினது. எல்லாருக்கும் போயிடுச்சு. இன்னொரு மெசேஜ் அனுப்பிடட்டுமா, சிகிச்சை உண்டுன்னு?”

“ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்து வந்தா எதை நம்புவாங்க? வாயால சொன்னாதான் காதுல ஏறும். முதல்ல பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லு. நானும் கூட வரேன்.”

பெரிய சிஸ்டரான தலைமை நர்ஸ் முழுவதையும் கேட்டார். “திட்டறதுக்கு நாளைக்கு நேரம் இருக்கு. இன்னைக்குப் போன் பண்ணு. ஒரு ஆள் விடுபடக் கூடாது” என்றார்.

அவளும் அக்காவும் பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நான்கு மணியோடு அக்காவின் வேலை நேரம் முடிந்தது. அக்காவோ கைப்பையை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். அதற்கு அவள் நன்றி எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்ல இவளுக்கு நேரமும் இருக்கவில்லை. ஒரு பெரியவருக்குக் காது கேட்கவில்லை. ஒரு மருமகள், “உங்க ஆஸ்பத்திரி விளையாட்டுக்கு எங்க மாமனார்தான் கிடைச்சாரா?” என்று கிழித்தாள். “வாங்கிக்கோ எம்பிஏ, இதெல்லாம் உங்க புக்குல இருக்காது” என்று அக்கா கண்ணடித்தாள். ஐந்தரைக்கு எல்லா வரியிலும் பேசிவிட்டதற்கான குறி விழுந்துவிட்டது. அக்கா குரல் கம்மி, வெறும் காற்றாகப் பேசிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

இவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பயம் ஒரு முறை உள்ளே வந்தால் எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்க்கும். மேசைத் தொலைபேசி சேமித்து வைத்திருந்த எண்களைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

அக்காவின் தாளில் பதினாறாவது வீட்டுக்கு இரண்டு முறை அழைப்பு போயிருந்தது. பதினேழாவது வீட்டுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. ஆனால் அங்கேயும் குறி இருந்தது.

ஒரு தையல்காரர். சிகிச்சைக்கு அவருக்குக் காலை ஆறு மணி நாற்காலி. அழைத்தாள்: அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மகனின் எண் அடித்து அடித்து ஓய்ந்தது. முகவரி நான்கு தெரு தள்ளி. கிட்டத்தட்ட ஓடினாள். நான்காவது மாடி, லிப்ட் இல்லை. ஒவ்வொரு படியிலும் வாய்க்குள் ஒரே வேண்டுதல்: கதவு திறக்கட்டும்.

மூன்றாவது முறை தட்டியபோது திறந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டிலோடு தையல்காரர் நின்றார்.

“ஐயா, நாளைக்கு சிகிச்சை உண்டு. அந்தச் செய்தி தப்பு.”

“இல்லைன்னு பையன் போன் பண்ணிச் சொன்னானேம்மா! நீங்களே லீவு விட்டா உடம்பு தேவலைன்னுதானே அர்த்தம்? ரெண்டு வருஷமா தண்ணிய அளந்து குடிக்கிறேன். இன்னைக்கு ஒரு நாள் மனசார குடிச்சேன்.”

“எவ்வளவு குடிச்சீங்க? மூச்சு வாங்குதா?”

“எனக்கு எங்கேம்மா வாங்குது? உனக்குத்தான் வாங்குது.”

பாட்டிலை அவரிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். அங்கிருந்தே பெரிய சிஸ்டரை அழைத்து, அவர் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறார் என்பதைச் சொன்னாள். இனி ஒரு சொட்டும் கூடாது, மூச்சு திணறினால் உடனே வரவேண்டும், இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வரட்டும் என்றார் சிஸ்டர். கீழ்வீட்டு அம்மாவிடம் இரவு ஒரு முறை பார்த்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு நிலைய வாசலில் நின்றாள். ஒவ்வொரு தலையாக எண்ணினாள். ஆறு அடித்தது. தையல்காரரைக் காணவில்லை. ஆறு ஐந்து. ஆறு ஏழுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக இறக்கி, “மாடிப்படி இறங்கவே ஒரு யுகம் ஆகுது” என்று முணுமுணுத்தபடி வந்தார். உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கும் ஓசை கேட்ட பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

தன் தவறை ஒன்று விடாமல் இரண்டு பக்க அறிக்கையாக எழுதினாள். பிராஜெக்ட் போனாலும் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டாள்.

வரவேற்பு மேசை காலியாக இருந்தது. அக்கா வர இன்னும் இரண்டு மணி நேரம். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்தாள். அக்காவின் தாளில் பதினேழாவது வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். தன் தாளின் அடியில் அதே பெயரை எழுதி, ‘என் பொறுப்பு. நேரில் போய்ச் சொன்னேன்’ என்று குறித்தாள். கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் கிடந்த நாற்காலியை அக்கா உட்கார வசதியாக இழுத்துப் போட்டாள்.