கரையேறாத வில்லை

ஜனவரி பாதி கழிந்தும் பெனோக் ஏரி உறையவில்லை. நீச்சலுக்கு இறங்குவோரைக் கணக்கு வைக்கும் பலகையின்படி ஒரு சிறுமி இன்னும் தண்ணீருக்குள் இருந்தாள். அவள் கரையேறாமல் ஏரி எப்படி உறையும்? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அந்த மூலையில் மற்ற ஏரிகளின்மேல் லாரி ஓடியது, ஜனங்கள் ஓட்டை போட்டு மீன் பிடித்தார்கள். பெனோக் மட்டும் ஆகஸ்ட் மாதத்து நீலத்தோடு சளக் சளக்கென்று கரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் விழுந்த பனியெல்லாம் விழுந்த சுவடு தெரியாமல் கரைந்தது.

தலைவலி முழுக்க ஆல்டன் மிஷோவுக்கு. கோடையில் பிள்ளைகள் வந்து கூத்தடித்துவிட்டுப் போகும் முகாமை மீதி வருஷமெல்லாம் கட்டிக்கொண்டு அழுவது அவரும் அவர் மனைவி லொரெய்னும்தான். குழாய்களில் தண்ணீரை வடிக்க வேண்டும், குடில்களின் கூரையிலிருந்து பனியைத் தள்ள வேண்டும், எலிகளுக்குத் தப்பவைத்து மெத்தைகளை உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். இதெல்லாம் வருஷாவருஷம் உள்ளது. இந்த வருஷம் படகுத்துறையும் சேர்ந்துகொண்டது. போன வசந்தத்தில் உடைந்த பனிக்கட்டிகள் அதை நொறுக்கிவிட்டிருந்தன. அந்தக் கோடையை மிதவை கட்டி ஒப்பேற்றியாயிற்று, இனி அது நடக்காது. புதுத் துறைக்கு அஸ்திவாரம் போடுவது குளிர்காலத்து வேலை: உறைந்த ஏரியின்மேல் பெரிய மரங்களை அடுக்கிக் கூண்டு கட்டி, அதற்குள் பாறாங்கற்களை நிரப்பி வைத்துவிட்டால் போதும், பனி உருகும்போது அது தானாக இறங்கி ஏரியின் அடித்தரையில் உட்கார்ந்துகொள்ளும். ஏரி உறையாவிட்டால் கூண்டு இல்லை, துறை இல்லை, நீச்சல் இல்லை. நீச்சல் இல்லாத முகாமுக்கு எந்தப் பிள்ளை வரும்? முகாம்காரி ஃபைன்கோல்டு அம்மாள் ஃப்ளோரிடா கடற்கரையிலிருந்து போன் பண்ணி, துறை தயாராகாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று பதமாகவே சொன்னாள். வேலை போனால் முகாம் வாசலோரத்து வீடும் போகும். அவள் பின்னால் யாரோ ஐஸ்கிரீம் விற்கும் சத்தம் கேட்டதுதான் ஆல்டனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பலகைக்கென்று உள்ள சட்டம் முகாம் அளவுக்கே பழையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மர வில்லை. தண்ணீரில் இறங்கும்போது சிவப்புப் பக்கம், ஏறியதும் வெள்ளைப் பக்கம். தனியாக யாரும் இறங்கக் கூடாது, ஜோடி வேண்டும். ஒருவர் வில்லையை இன்னொருவர் தொடக் கூடாது. தாலியா என்று எழுதிய வில்லை சிவப்பாகத் தொங்கியது, பக்கத்தில் பெயரில்லாத வெற்று வில்லை ஒன்றும் அப்படியே. வெற்று வில்லையை யார் பொருட்படுத்துவார்கள்? ஆல்டன் சட்டத்தை மீறித் தாலியாவின் வில்லையை வெள்ளைக்குத் திருப்பிப் பார்த்தார். காலையில் மறுபடி சிவப்பு. ஆணியடித்தார், ஆணி கீழே கிடந்தது. போதாக்குறைக்கு இலையுதிர்காலத்திலிருந்தே அவருடைய இடது பூட்ஸில் தினமும் தண்ணீர் நிறைந்தது. புதுசு புதுசாக வாங்கிப் பார்த்துவிட்டு, கடைக்காரனை ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டு திரிந்தார்.

"பூட்ஸ்காரன் என்ன பாவம் பண்ணான்?" என்றாள் லொரெய்ன். "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன் போடு மனுஷா. ஏரிகிட்ட கத்தி என்ன ஆகப் போகுது?"

போட்டார். நியூ ஜெர்சியில் எடுத்தது தாலியாவின் அம்மா. அவர் முகாமின் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் வெடித்தாள்.

"ஏங்க, உங்க ஏரிய வந்து எடுத்துட்டுப் போங்க! ஆகஸ்ட்லேர்ந்து இவ தலை காயல. மெத்தைய மாத்தி மாத்தி எனக்கு இடுப்பே போச்சு. நேத்து ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டு, சட்டைத் தொப்பியில மீன்குஞ்சு கெடக்குதுங்கிறாங்க!"

மறுவாரமே பனியில் நாள் பூராவும் கார் ஓட்டி மகளைக் கொண்டுவந்து இறக்கினாள். தாலியாவுக்குப் பத்து வயதிருக்கும். முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் கோட்டின்மேல் ஊசி ஊசியாக உறைந்திருந்தது. ஆல்டன் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த ஆத்திரத்தையெல்லாம் அவள்மேல் கொட்டினார்.

"வில்லையத் திருப்பணும்னு ஒரு சின்ன புத்தி கெடயாதா? உன்னால என் வீடே போகப் போகுது!"

சிறுமி பயப்படவில்லை. அவளுக்கும் அதே ஆத்திரம் இருந்தது.

"நான் எப்படித் திருப்புவேன்? ஜோடியா இறங்கினா ஜோடியாத்தான் திருப்பணும். நீங்கதானே என் ஜோடி! இருன்னு சொல்லிட்டுப் போனீங்க. வரவே இல்ல. பஸ் வந்துருச்சுன்னு என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ஆல்டன் தம் இடது காலைப் பார்த்தார். எல்லாம் நினைவுக்கு வந்தது. முகாமின் கடைசி நாள், தாலியாவின் ஜோடிக்குக் காய்ச்சல். கடைசியாக ஒரு முறை நீந்த வேண்டும் என்று அழுதவளிடம், கயிறு சுருட்டிக்கொண்டிருந்த அவர், இடது காலைத் தண்ணீரில் வைத்தபடி, "போ, நான் உன் ஜோடி" என்று கரையோரப் பலகையில் வெற்று வில்லை ஒன்றை எட்டிச் சிவப்பாக மாட்டினார். அப்போது சமையலறைக் குழாய் வெடித்தது என்று கத்தினார்கள். ஓடினார். அவ்வளவுதான். ஐந்து மாதமாக அந்தக் குழந்தை தண்ணீரில் அவருக்காகக் காத்திருந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"ஊர்ல உள்ள பூட்ஸ்காரனையெல்லாம் திட்டினியே" என்றாள் லொரெய்ன்.

"நீ சும்மா இரு" என்றார் ஆல்டன். பிறகு தாலியாவிடம், "தப்பு என்னுதும்மா. வா, ஏறிடலாம்."

இருவரும் பலகைமுன் நின்று, முகாமின் வழக்கப்படி கோத்த கைகளைத் தூக்கிக் காட்டி, அவரவர் வில்லையைத் திருப்பினார்கள். இரண்டு வில்லைகளும் வெள்ளையாயின. தாலியாவின் முடி லொரெய்னின் அடுப்படியில் காய்ந்தது. அவள் அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி பட்டாணி சூப் குடித்தாள். சாயங்காலத்துக்குள் ஏரி கரையோரம் வெளுத்தது. பிப்ரவரிக் கடைசியில் கல் ஏற்றிய லாரியைத் தாங்கியது. கூண்டு ஏப்ரலில் கோணாமல் இறங்கியது.

வெற்று வில்லையில் இப்போது ஆல்டனின் பெயர் இருக்கிறது. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். டிசம்பரில் பெனோக் உறையக் கொஞ்சம் தாமதித்தால் ஊரில் யாரும் வானிலை அறிக்கை பார்ப்பதில்லை. மிஷோ வீட்டுக்குப் போன் போட்டு, எல்லாரும் கரையேறியாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆல்டன் முணுமுணுத்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றி, உள்ளே கையை விட்டுப் பார்க்கிறார்.