பறங்கிப்பாடு

2023 ஒக்ரோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. சோளகக் காற்று ஓய்ந்திருந்தது, வாடைக்காற்று இன்னும் பிறக்கவில்லை. வானம் மூடிக் கிடந்ததே தவிர, மழை பெய்யும் எண்ணம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. சவுக்குமுனைத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் ஒரே ஒரு மின்விசிறி சுழன்றது. அதற்கு நேர்கீழே, விசாரணைக் குழுவின் தலைவர் என்ற முறையில், குணலட்சுமி அமர்ந்திருந்தார்.

வாழ்நாளெல்லாம் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவர். நெல்லியடியில் ஒரு கடையின் பெயர்ப்பலகையில் மிகாத இடத்தில் ஒற்று மிகுந்திருந்தால், அதைச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். கடைக்காரரும் திருத்துவதாகச் சொல்லிவிட்டுத்தான் சாமான் கொடுப்பார். இருவருக்கும் அது பழகிப்போன மரியாதை.

சவுக்குமுனைக் கடற்கரையில் பறங்கிப்பாடு என்றொரு மணற்பரப்பு உண்டு. 1560இல் கோவாவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்தின்மேல் வந்த போர்த்துக்கேயப் படையின் ஒரு பிரிவு அங்கே இறங்கியது என்றும், இறங்கியவர்கள் அங்கேயே மாண்டனர் என்றும் குணலட்சுமி சென்ற ஆண்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதற்குச் சான்று அந்தப் பெயர்தான். பறங்கி, போர்த்துக்கேயன். படு என்னும் முதனிலை நீண்டு பாடு ஆயிற்று, படுதல், இறத்தல். பறங்கியது பாடு பறங்கிப்பாடு, ஆறாம் வேற்றுமைத் தொகை. கட்டுரை வாசிக்கப்பட்ட அவையில் கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. அதைக் கேள்வியுற்ற பிரதேச சபை அந்தக் கரையை வேலியடைத்து, பலகை நாட்டி, வரலாற்றுப் பூங்காவாக்க விரும்பியது. வேலி வந்தால் மீனவர்கள் அங்கே கரைவலை இழுக்க முடியாது. இழுப்பவர்களுக்கு வேறு கரை உண்டா என்று கேட்டு முடிவு சொல்லத்தான் மூவர் குழு வந்திருந்தது.

வலையின் சொந்தக்காரரான வின்சன்ற் எழுந்தார். இடுப்புச் சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"டீச்சர், பறங்கி கப்பலிலை வந்து கரையைப் பிடிச்சவன் எண்டு பலகையிலை எழுதப்போறியள். நல்லது. நீங்கள் ஜீப்பிலை வந்து பிடிக்கிறியள். உதை எந்தப் பலகையிலை எழுதிறது?"

மண்டபம் சிரித்தது. குழுவின் இரண்டாம் உறுப்பினரும் சபையின் திட்டமிடல் அலுவலருமான கேதீஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை.

"பிடிக்கேல்லை அண்ணை. பாதுகாக்கிறம்."

"அவங்களும் வரேக்கை உதைத்தான் தம்பி சொல்லியிருப்பாங்கள்" என்றார் வின்சன்றின் மனைவி லூர்த்தம்மா, இருந்த இடத்திலிருந்தே.

"அக்கா, உங்கடை சமயமே அவையளாலை வந்ததுதானே? அப்ப இது உங்கடை நினைவுச்சின்னமும்தான்."

"சமயத்தைத் தந்தவங்கள் கரையை விட்டிட்டுப் போனவங்கள்" என்றார் வின்சன்ற். "நீங்கள் போவியளோ?"

மூன்றாம் உறுப்பினர் யோசப்பின் என்னும் பெண்மணி. அவர் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். குருநகரில் பிறந்து, மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். கை உயர்ந்தால் அடங்கவேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

"பகிடியை விடுங்கோ. வேறை இடத்திலை வலை வளைக்க ஏலாதோ?"

"எங்கை அக்கா? வடக்காலை அந்தோனியார்பாடு, அது லியோன் எண்டவரின்ரை ஆக்களுக்கு. அங்காலை செட்டிபாடு, அதிலை முழுக்கக் கல்லு, வலை கிழிஞ்சுபோம். ஒருத்தன்ரை பாட்டிலை மற்றவன் வளைச்சால் வெட்டுக்குத்துத்தான் வரும். எங்களுக்கு உள்ளது பறங்கிப்பாடு ஒண்டுதான்."

குணலட்சுமியின் பேனை நின்றது.

அந்தோனியார்பாடு. புனித அந்தோனியார் சவுக்குமுனையில் இறக்கவில்லை. செட்டிபாடு. செட்டிகள் எவரும் படையெடுத்து வந்து அக்கரையில் மாண்டதாக எவரும் சொல்லவில்லை. அடுத்தடுத்து மூன்று பாடுகள். ஒவ்வொன்றும் ஒருவருக்கு உரியது. வலை வளைக்கும் உரிமையுள்ள கரைத்துண்டுக்கே இவர்கள் பாடு என்கிறார்கள். பறங்கி ஒருவனுக்கு உரிமையாயிருந்த பாடு பறங்கிப்பாடு. வேற்றுமை அவர் சொன்ன அதே ஆறாம் வேற்றுமைதான். அதன் முதற்பொருள் உடைமை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய கை, அதே பொருளை இங்கே விட்டுவிட்டு மரணத்தைத் தேடிப் போயிருந்தது. எந்தப் படையும் அங்கே இறங்கியிருக்கத் தேவையில்லை. இறக்கியவர் அவர்தான்.

யோசப்பின் குணலட்சுமியின் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், எனக்கு இவையளைப் பாக்கப் பாவமாக் கிடக்கு. ஆனால் உண்மையிலை அப்பிடிப்பட்ட இடம் எண்டால் விடவும் ஏலாது. உங்கடை விளக்கத்திலை ஐமிச்சம், சந்தேகம் ஒண்டும் இல்லையே?"

குணலட்சுமி பேனையை மூடிவைத்தார்.

"இலக்கணப்படி ஐமிச்சமில்லை" என்றார்.

அந்த விடையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் அதைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். சரிபாராமல் எதையும் சொல்லும் வழக்கம் தமக்கில்லை என்று தமக்குத் தாமே காரணம் கூறிக்கொண்டார். அச்சேறிய கட்டுரை, நெடுநேரக் கைதட்டல் என்ற மற்றக் காரணத்தைக் கூறிக்கொள்ளவில்லை. கூறாமலே அது விளங்கிற்று. யோசப்பின் தலையசைத்துவிட்டுக் குறிப்பில் ஏதோ எழுதினார்.

புதனன்று குணலட்சுமி அகராதிகளைப் புரட்டினார். பாடு என்பதற்கு அவை தந்த பொருள்கள் ஏராளம். வேண்டிய பொருள் ஒன்றில் இருந்தது, மற்றொன்றில் இல்லை. வியாழக்கிழமை முச்சக்கர வண்டி பிடித்துக் கரைக்கே போனார். வலை வந்துகொண்டிருந்தது. கயிற்றில் சாய்ந்து பின்வாங்கிய ஆண்களில் ஒருவன், "டீச்சர் பாட்டுப் படிக்கவோ வந்தவ, பாட்டைப் பாக்கவோ?" என்று கேட்க, மற்றவர்கள் கயிற்றை விடாமலே சிரித்தார்கள். பாடு என்பதும் பாட்டு என்பதும் ஐ உருபு ஏற்றால் ஒன்றாகிவிடும் என்பதை அவன் எந்த வகுப்பிலும் படித்திருக்கமாட்டான். குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடையுடன் நின்ற லூர்த்தம்மாவிடம் நேரடியாகவே கேட்டார்.

"ஏன் பறங்கிப்பாடு எண்டு சொல்லுறியள்?"

"முந்தி ஒரு பறங்கி வலை வைச்சிருந்தவனாம். ஆள் வெள்ளையாம், தூஷணம் மட்டும் சுத்தத் தமிழாம். ஆர் கண்டது?" லூர்த்தம்மா கூடையை இடுப்புக்கு மாற்றினார். "ஏன் டீச்சர், உங்கடை கப்பல் வரேல்லையோ?"

"வரேல்லை."

"அப்ப வேலியும் வராதுதானே?"

வெள்ளிக்கிழமை காலை குணலட்சுமி யோசப்பினைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னார்.

"நான் வேலிக்கு ஓமெண்டு செவ்வாய்க்கிழமை பின்னேரமே ஒப்பம் வைச்சிட்டன், டீச்சர்."

"திரும்ப எடுக்க ஏலாதோ?"

"கேதீஸ்வரன் தானும் வைச்சு, அதைச் செயலாளரிட்டைக் குடுத்திட்டார். நேற்றுச் செயலாளரும் ஒப்பம் வைச்சாச்சு." பிறகு, கோபமில்லாத குரலில், "நான் உங்களைக் கேட்டனான்" என்றார்.

குணலட்சுமி சபை அலுவலகத்துக்குப் போனார். கேதீஸ்வரன் தேநீர் வரவழைத்தார்.

"மூண்டு பேரிலை ரெண்டு பேர் போதும், டீச்சர். உங்கடை கட்டுரைதான் பின்னிணைப்பு."

"அது பிழையான கட்டுரை."

"அச்சிலை வந்ததெல்லோ?"

"அச்சிலை வந்த பிழை."

"அப்பிடிப் பாத்தால் எங்கடை ஊர்ப் பலகையளிலை பாதியைக் கழட்டவேணும்." அவர் குரலில் பரிகாசம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "வேலிக்கு ஆக்களைச் சொல்லியாச்சு. தலைவர் எண்டு நீங்கள் முடிவிலை ஒப்பம் வைச்சு, வலைக்காரரின்ரை கையிலை குடுக்கவேணும். மாட்டனெண்டால் நான் உங்களுக்காக வைப்பன். அதுக்கும் விதி இருக்கு. உடன்பாடில்லையெண்டால் கீழை எழுதுங்கோ. ஆனால் ஒப்பம் வைச்சால்தான் அந்த எழுத்து நிக்கும்."

அவர் வைக்காவிட்டால் மறுப்பு அழியும். வைத்தால் முடிவு நிறைவேறும். இந்த இரண்டில் எது குறைந்த பிழை என்பதைக் குணலட்சுமி சனியும் ஞாயிறும் எண்ணிப் பார்த்தார். எந்த நூற்பாவும் துணைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை முடிவை வாங்க வின்சன்ற் தனியாக வந்தார். சபை அலுவலகத்துக்கென்று நீளக்காற்சட்டை அணிந்திருந்தார். அதில் அவருக்கு நடக்கத் தெரியாததுபோல் இருந்தது. குணலட்சுமி எழுந்து நாற்காலி காட்டினார். அவர் உட்காரவில்லை.

"என்ன மாதிரி, டீச்சர்?"

"வேலி போடச்சொல்லி முடிவு. மூண்டு பேரிலை ரெண்டு பேர். நான் உடன்படேல்லை எண்டு கீழை எழுதப்போறன்."

அவர் முன்னிலையிலேயே முடிவுத் தாளின் கீழே எழுதினார். நான்கு வரி. எழுதியதை ஒருமுறை வாசித்து, ஓரிடத்தில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்து, பிறகு ஒப்பமிட்டார். வின்சன்ற் தாளை எட்டிப் பார்த்தார்.

"வாசியுங்கோ. எனக்குக் கண்ணாடி வீட்டிலை."

"'பாடு என்பது இவ்வூர் வழக்கில் வலை இழுக்கும் உரிமையுள்ள கரையைக் குறிக்கும். அதனை இறப்பு எனப் பொருள்கொண்டது என் பிழை. படை எதுவும் இங்கு இறங்கியதற்குச் சான்று இல்லை. உறுப்பினர் ஒருவர் வினவியபோது இதனை அறிந்திருந்தும் கூறாமல் விட்டேன்.'"

வின்சன்ற் நிலத்தைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம். நீங்கள் கதைக்கேக்கைதான் தெரிஞ்சது."

"அண்டைக்கு வாயைத் திறந்திருக்கலாமே."

"திறந்திருக்கலாம்."

வின்சன்ற் தாளை விரலால் காட்டினார்.

"இந்த எழுத்தை வைச்சு மேலை கேக்க ஏலுமோ?"

"கேக்கலாம். வழக்கு முடியுமட்டும் வேலி நிக்கும்."

"அதுவரைக்கும் வலையை எங்கை வளைக்கிறது?"

குணலட்சுமி தாளை மடிக்காமல், எழுத்து அவருக்கு நேராக இருக்கும்படி திருப்பி, இரு கைகளாலும் நீட்டினார். வின்சன்ற் ஒரு கையால் வாங்கிக்கொண்டார்.