இறுக்கியது யார்

கணவன் மனைவி சண்டைக்கு நடுவே யாரும் போகக்கூடாது என்பார்கள். அந்த வீட்டில் ஒரு ஸ்கூட்டர் போய் மாட்டிக்கொண்டது. அதற்கு வாய் இல்லாததால் இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொண்டு முன்கட்டில் நின்றது.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். கண்ணுக்குத் தெரியாத திருகாணியைக்கூட இடுக்கியால் எடுத்து இடத்தில் உட்கார வைத்துவிடுவார். ஆனால் எப்போதோ ஏணியிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. நுணுக்கத்துக்கு அந்தக் கை சொன்னபடி கேட்கும். பலம் கொடுக்கச் சொன்னால் மட்டும் முறைத்துக்கொள்ளும்.

அவர் மனைவி ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். ரொட்டியம்மா. அவள் மூடிய டப்பாவைத் திறக்க அவளேதான் வர வேண்டும், அப்படிப்பட்ட கை. ஆகவே அந்த வீட்டில் ஸ்கூட்டர் வேலைக்கு ஒரு பங்கீடு இருந்தது. கழற்றுவது, துடைப்பது, மாற்றுவது, நட்டுகளை விரலால் திருகி வைப்பது எல்லாம் அவர். கடைசியில் ஸ்பேனரைப் போட்டு இறுக்குவது அவள். மெக்கானிக் என்ற ஜாதியே அந்த வாசலை மிதித்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான், இதில் இருவருக்கும் உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்தத் தடவைச் சண்டை மகளின் பொருட்டு வந்தது. மகள் மலைச்சரிவுக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். ஏற்றத்தில் ஸ்கூட்டர் இருமி இருமி நின்றுவிடுகிறது, பாதித் தூரம் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு இது போதாதா! எங்கேயோ சொல்லி வைத்து எஞ்சினுக்குப் பெரிய சிலிண்டர் ஒன்றை வாங்கி வந்து, விடுமுறை முழுக்க உட்கார்ந்து மாற்றிவிட்டார். கிக்கரை உதைத்ததும் வண்டி இருமவில்லை, உறுமியது.

"ஏத்தத்துல இப்படி இழுக்கிற வண்டி இறக்கத்துல மட்டும் அடக்க ஒடுக்கமா போகுமா?" என்று ரொட்டியம்மா கேட்டாள்.

"அதுக்குத்தான் பின்பக்க பிரேக் ஷூவையும் புதுசா மாத்தப் போறேன். உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. மாவு பிசையத்தான் தெரியும். அப்பாவும் பொண்ணும் சேர்ந்து என்ன வேணாலும் பண்ணுங்க. நான் இந்த வண்டியைத் தொடமாட்டேன்."

"தொடாட்டி போ. நீ இல்லேன்னா உலகத்துல ஆளே இல்லையா? மாடி வீட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல இறுக்கிக் குடுத்துட்டுப் போறார்."

அதோடு பேச்சு நின்றது. கண்ணாடிக்காரர் பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஷூவை மாற்றி, சக்கரத்தைத் திரும்ப வைத்து, ஐந்து நட்டுகளையும் விரலால் திருகி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மகள் சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் சண்டையில் அவள் எப்போதும் வாய் திறக்கமாட்டாள்.

தபால்காரரைக் கூப்பிடுவதாகச் சொன்னாரே தவிர, கண்ணாடிக்காரர் கூப்பிடவில்லை. ரொட்டியம்மா ஒவ்வொரு சண்டையிலும் தொடமாட்டேன் என்றுதான் சொல்வாள். விடிவதற்குள் சத்தமில்லாமல் எழுந்து வந்து இறுக்கியும் வைத்துவிடுவாள். இது அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் நிம்மதியாகத் தூங்கினார்.

ரொட்டியம்மாவும் எழுந்து வரத்தான் வந்தாள். ஸ்பேனரை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு சக்கரத்துப் பக்கத்தில் போய் நின்றாள். அப்போதுதான் வீம்பு வந்து குறுக்கே உட்கார்ந்தது. தபால்காரரை வைத்து இறுக்கியிருப்பார், இப்போது நான் போய்க் குனிந்தால் எனக்கு மானம் இல்லையா என்று நினைத்தாள். ஒரு நட்டை விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். தொடவில்லை. ஸ்பேனரை மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் மகள் சாப்பிட்டாள், பையை மாட்டினாள், போய்ட்டு வரேன் என்று பொதுவாகச் சொன்னாள், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உறுமல் தெருமுனை வரை கேட்டு அடங்கியது.

கண்ணாடிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"என்ன இருந்தாலும் மனசு கேக்காதே உனக்கு. நல்லா இறுக்கிட்டேல்ல?"

"எதை?"

"நட்டைத்தான்."

"நான் எதுக்கு இறுக்கறேன்? அதான் தபால்காரர் இறுக்கினாரே!"

"அவரை யாரு கூப்பிட்டா? சும்மா கோவத்துல சொன்னது அது. நீ இறுக்கலையா?"

ரொட்டியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து நட்டு, ஐந்தும் விரலால் திருகியது. சமதரையில் கொஞ்ச தூரம் தாங்கும். சரிவில், வளைவில், அந்தப் புதிய வேகத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வரும். சக்கரம் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம்.

"போன் போடுங்க! போன் போடுங்க!"

அவர் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது நானே செத்துப் போனாலும் போனை எடுக்காதே என்று மகளிடம் சத்தியம் வாங்கியவள் ரொட்டியம்மாதான். சொல்பேச்சுக் கேட்கிற பெண்ணைப் பெற்றதற்காக அன்றைக்கு முதல் தடவையாக அவள் நொந்துகொண்டாள்.

தபால்காரரின் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது. கேட்கவெல்லாம் நேரமில்லை. ரொட்டியம்மா ஏறி மிதிக்க, கண்ணாடிக்காரர் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி கேரியரில் தொற்றிக்கொண்டார். மேலே பால்கனியிலிருந்து தபால்காரர், "அம்மா, அது என்னோட சைக்கிள்!" என்று கத்தியது பின்னாலேயே நின்றுவிட்டது.

தெரு முடிந்து, பூட்டிக் கிடந்த மரவாடியைத் தாண்டி, சரிவு தொடங்கியது. சைக்கிள் தானாக ஓட ஆரம்பித்தது. ரொட்டியம்மா பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் முதலில் ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் சாலையைப் பார்த்தாள். பள்ளத்தில் எதுவும் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

"நீ தொடமாட்டேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கே. எல்லாத் தடவையும் செஞ்சே. இந்தத் தடவை மட்டும் ஏன் செய்யல?" என்றார் முதுகுக்குப் பின்னால் இருந்து.

"ஒரு வார்த்தை, ஏம்மா இறுக்கிட்டியான்னு ராத்திரியே கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"முத்தைப் பத்தி நீ பேசாதே!"

"ரோட்டைப் பாக்க விடுங்க!"

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும்போதும் இப்படி. மழை விட்டாலும் தூவானம் விடாது என்பது இவர்களுக்குப் பொருந்தாது, இங்கே மழையே விடவில்லை.

இரண்டாவது வளைவில் அவர், "நிறுத்து, நிறுத்து!" என்று அலறினார். சாலையில் ஒரு நட்டு கிடந்தது. ரொட்டியம்மா காலை ஊன்றிச் செருப்பு தேயத் தேய நிறுத்தினாள். அவர் ஓடிப் போய் அதை எடுத்தார். அவள் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டாள்.

"நம்மளதா?"

அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், விரலில் மாட்டிப் பார்த்தார், மறுபடி கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நம்மளதான்னு கேக்கறேன்ல!"

"இல்ல. இது பெருசு. லாரி நட்டு."

அவள் மூச்சு விட்டாள். ஆனால் அந்த மூச்சு நெடுநேரம் தாங்கவில்லை. அவர் கேரியரில் ஏறியபடியே சுத்திகரிப்பு நிலையத்துக் காவலாளிக்குப் போன் செய்தார். "பொண்ணு இன்னும் வரலையே சார். எப்பவும் இந்நேரம் வந்து கையெழுத்துப் போட்டிருக்குமே" என்றார் காவலாளி. காவலாளி பேசியது காற்றில் ரொட்டியம்மா காதிலும் விழுந்தது. யார் மேல் தப்பு என்பது அந்த நிமிடத்தில்தான் அவர்களுக்கு மறந்தது.

மீதிச் சரிவு முழுக்கப் பள்ளங்கள் காலியாக இருந்தன. அடிவாரத்தில், நிலையத்தின் இரும்புக் கேட் எதிரே, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ரொட்டியம்மா வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே மகளின் ஸ்கூட்டர் இல்லை. வழியிலும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் எங்கே? நாம் பார்க்காத பள்ளம் எது? அவள் சாலை நடுவில் வந்து மேலே பார்த்தபடி நின்றாள்.

அப்போது உறுமல் கேட்டது.

கடைசி வளைவைத் திரும்பி மகள் வந்துகொண்டிருந்தாள். புது எஞ்சின், நேர் இறக்கம், நல்ல வேகம். கண்ணாடிக்காரர் இரண்டு கைகளையும் ஆட்டி, "நிறுத்து! பிரேக்கைப் புடி!" என்று கத்தினார். அதே நொடியில் ரொட்டியம்மா, "பிரேக் புடிக்காதே! மெதுவா வா! புடிக்காதே!" என்று கத்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்து இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

மகள் பிரேக்கைப் பிடித்தாள். ரொட்டியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கிறீச்சிடல் கேட்டது, அப்புறம் எஞ்சின் அணைந்தது.

கண்ணைத் திறந்தபோது வண்டி அவளுக்கு முன்னால் நின்றது. மகள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு? ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

ரொட்டியம்மா பதில் சொல்லாமல் சக்கரத்துப் பக்கத்தில் மண்டியிட்டு நட்டைத் தொட்டாள். கல்லாக இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, ஐந்தும் அப்படியே. அவர் ஸ்பேனரை நீட்டினார். அவள் ஒரு நட்டில் மாட்டி அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

"இதை யாரு இறுக்கினது?"

மகள் தலைக்கவசத்தை வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள், மறுபடி எடுத்தாள்.

"நான்தான்."

"எப்போ?"

"இப்பதான். மரவாடிக்குப் பின்னாடி சந்துல நிறுத்தி. அதான் லேட்டு. போன் பைக்குள்ள இருந்துச்சு, அடிச்சது கேக்கல. இன்னைக்கு எஞ்சினும் புதுசு, நீங்க பேசிக்கவும் இல்ல. அதனால பிரேக், கேபிள், நட்டு எல்லாத்தையும் பாத்தேன். சீட்டுக்கு அடியில என்கிட்ட ஒரு ஸ்பேனர் இருக்கு."

"எப்ப வாங்கினே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"சித்தப்பா கல்யாணத்துக்குப் போறதா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களே, அந்த வாரம் முன்சக்கரத்து பிரேக் கேபிள் கையோட வந்துச்சு. நல்லவேளை, தெருவுலயே. அதுக்கப்புறம்தான் வாங்கினேன். நீங்க பேசிக்காத அன்னைக்கெல்லாம் அந்தச் சந்துல நிறுத்திப் பாத்துட்டுத்தான் போவேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா யார் மேல தப்புன்னு சண்டை போடுவீங்க. அந்தச் சண்டையில இன்னொரு நட்டு விட்டுப்போகும்."

ரொட்டியம்மா எழுந்து நின்றாள். இத்தனை காலமும் தன் கைதான் இந்தப் பெண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவள்.

"அப்போ எங்க கையை நீ நம்பலையாடி?"

"உங்க கையை நம்பறேம்மா. உங்க வாயைத்தான் நம்பல."

கண்ணாடிக்காரர், "இவதான் ராத்திரி..." என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். பாதியில் நிறுத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ரொட்டியம்மாவுக்கும் வாய்வரை ஒன்று வந்தது, அதை அவள் விழுங்கினாள். விழுங்கியதும் அழுகை வந்துவிட்டது. காவலாளி பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

உள்ளே வேலை தொடங்கும் சங்கு ஊதியது. மகள் அம்மாவின் தோளைத் தட்டினாள். "அழாதம்மா, ஒண்ணும் ஆகலல்ல" என்றாள். அப்பாவிடம், "நல்லா இழுக்குதுப்பா. சாயங்காலம் ஏத்தத்துல எப்படிப் போகுதுன்னு வந்து சொல்றேன்" என்றாள். வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு கேட்டுக்குள் நடந்தாள்.

பாதி தூரம் போய் அவள் திரும்பிப் பார்த்தாள். கையசைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று ரொட்டியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. தான் போனதும் இவர்கள் ஆரம்பித்துவிடுவார்களா என்று பார்க்கிறாள். சந்தில் குனிந்து சக்கரத்தைச் சோதிக்கிறவள், இப்போது அங்கே நின்றுகொண்டு இவர்களைச் சோதிக்கிறாள். எத்தனை வயதிலிருந்து இந்தக் குழந்தை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ!

ரொட்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவரின் கோணல் மணிக்கட்டைப் பிடித்து, மகளுக்குத் தெரியும்படி கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மகள் இன்னும் சற்றுநேரம் நின்று பார்த்தாள். அப்புறம்தான் உள்ளே போனாள்.