பானெட்டுக்கு அடியில் ஒரு கை

ரிஃபாத்தின் பழைய பெஜோ காரை ஃபிக்ரி தன் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்த நாளிலிருந்து தெருவுக்கு வேறு பேச்சே இல்லை. வண்டி முதலில் வருகிறது, வண்டிக்காரி பின்னால் வருகிறாள் என்று எதிர்த்த டீக்கடை ஷெஹாத்தா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். இஸ்மாயிலியாவில் ஒரு விஷயத்தை மறைத்து வைப்பதைவிடச் சல்லடையில் தண்ணீர் பிடித்துவிடலாம்.

ஷெஹாத்தா சொன்னதில் பொய்யும் இல்லை. வண்டி கழுவுவதும், இன்ஜினைச் சுத்தம் செய்து பளபளப்பாக்கித் தருவதும் ஃபிக்ரியின் தொழில். ரிஃபாத் அவனுடைய உயிர் நண்பன். கெய்ரோவுக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஓடிய டாக்சிக்காரன். போன கோடையில் ஸ்டாண்டில் வரிசையில் நின்றபடி, பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். தூக்கியவர்கள் கையிலேயே உயிர் போய்விட்டது. அவன் மனைவி நவாலுக்கும் ஃபிக்ரிக்கும் வரும் வியாழக்கிழமை நிக்காஹ். அதன்பின் வண்டியையும் ஃபிக்ரிதான் ஓட்டப்போகிறான்.

நாற்பது தாண்டிய தனிக்கட்டை அவன். நவால் சம்மதித்தாள் என்று அவளுடைய அண்ணன் வந்து சொன்ன அன்று, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதான். மாப்பிள்ளையிடம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வண்டியைப் புதிதாக்கித் தர வேண்டும், முக்கியமாக இன்ஜின் பக்கம். ஏன் முக்கியமாக அந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வேலையை முறையாகத்தான் தொடங்கினான். பேட்டரி வயரைக் கழற்றினான். தண்ணீர் படக்கூடாத ஆல்டர்னேட்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் போட்டான். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் மருந்தைத் தெளித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தான். டீசலை அடித்துப் பளபளப்புக் காட்டிக் காசு பறிக்கிறவர்களை அவனுக்குக் கண்டாலே ஆகாது. குனிந்து வேலை செய்யும்போது பிடரியில் ஏதோ குறுகுறுத்தது. ரிஃபாத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஃபிக்ரி இன்ஜினுக்குள் தலையை விட்டிருக்கும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து வந்து பிடரியில் பட்டென்று ஒன்று வைப்பான். ஃபிக்ரி திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பிறகு அண்ணாந்து பார்த்தான்.

திறந்து நின்ற பானெட்டின் உள்பக்கத்தில், சரியாக அவன் தலைக்கு மேலே, ஐந்து விரலும் விரிந்த ஒரு கை பதிந்திருந்தது. காய்ந்து பழுப்பேறிய ரத்தம்.

அது எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெரியும். இந்த வண்டி வாங்கிய அன்று கண்ணேறு படாமலிருக்க ஆடு அறுத்தார்கள். ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டவனே ஃபிக்ரிதான். எல்லோரும் ரத்தத்தில் கையைத் தோய்த்துக் கதவிலும் டிக்கியிலும் பதித்தார்கள். வெளியே வைப்பது மழையில் போய்விடும் என்று சொல்லி, ரிஃபாத் பானெட்டைத் தூக்கி உள்ளே ஒரு கையை வைத்தான். கதவில் பதிந்ததெல்லாம் அந்தக் குளிர்காலத்திலேயே போயிற்று. இது மட்டும் தங்கிவிட்டது.

இதை நவால் பார்த்தால் என்ன ஆகும் என்று ஃபிக்ரி நினைத்தான். செத்தவன் கையைப் பார்த்த பிறகு எந்தப் பெண் இன்னொருவனுக்குக் கை நீட்டுவாள்? வியாழக்கிழமைக்குள் இந்தக் கை போயாக வேண்டும்.

சோப்புப் போட்டான். மருந்து அடித்தான். பிஸ்மி சொல்லித் தேய்த்தான். தண்ணீர் ஊற்றியதும் கை காணாமல் போனது. நிம்மதியாகக் காற்றடித்துக் காயவைத்தான். ஈரம் உலர உலர, முதலில் விரல் நுனிகள், பிறகு உள்ளங்கை என்று அது திரும்பி வந்தது. மறுநாளும் அதே கதைதான். காரணம் அவனுக்குத் தெரியாததல்ல. வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து ரத்தம் பெயின்ட்டையே அரித்திருக்கிறது. நனைந்திருக்கும்வரை தெரியாது, காய்ந்தால் தெரியும். எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் இதே விளக்கத்தைச் சொல்லியிருக்கிறான். ஆனால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அது எடுபடவில்லை. ஷெஹாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, கிண்டலை விட்டுவிட்டு, ஏதாவது ஓதி ஊது என்று மட்டும் சொல்லிப் போனான். அவன் கிண்டலை விட்டதுதான் ஃபிக்ரியை அதிகம் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை பகலில் நவால் வண்டியைப் பார்க்க வருகிறாள் என்று தகவல் வந்தது. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் மினுமினுப்பு ஏற்றும் மருந்தை ஃபிக்ரி எடுத்து, பானெட்டின் உள்பக்கம் முழுக்கத் தடிமனாக அடித்தான். கை மறைந்தது. அவள் பார்த்துவிட்டுப் போகும்வரை தாங்கினால் போதும்.

கறுப்பு அங்கியில் வந்தாள். ஹோஸ்கள் கறுகறுவென்று மின்னின, பித்தளை மூடிகள் பளிச்சென்றிருந்தன. அல்லாஹ் உங்கள் கைக்கு பரக்கத் தரட்டும் என்று மனதாரச் சொன்னாள். ஃபிக்ரிக்கு அங்கேயே அவளை அனுப்பிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஷெஹாத்தா கேட்காமலேயே இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். அவள் உட்கார்ந்து நிதானமாகச் சர்க்கரையைக் கலக்கினாள். ரிஃபாத் வீட்டார் சம்மதித்ததைச் சொன்னாள், திரைச்சீலை மாற்றியதைச் சொன்னாள். கூரை ஓட்டை வழியாக வெயில் நகர்ந்து வந்து பானெட்டின் மேல் விழுந்தது. ஃபிக்ரிக்கு அவள் பேச்சு காதில் ஏறவில்லை. தகரம் சூடாவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் நடுவிரல் வந்தது.

அவள் பாதிப் பேச்சில் நிறுத்தினாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மற்ற விரல்களும் வந்தன. ஃபிக்ரி தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களாலயும் முடியலயா?" என்றாள் நவால்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவர் எறந்த மாசமே நானும் தேச்சேன். மண்ணெண்ணெய் வச்சுத் தேச்சேன், எலுமிச்சம்பழம் வச்சுத் தேச்சேன். பானெட்டத் தூக்குனா நில்லு நில்லுன்னு கை காட்டுறாரு. தொழில் தெரிஞ்சவர் கையில குடுத்தா போயிரும்னு நெனச்சேன்."

அப்படியானால் அவளும் அவனுக்குத் தெரியாமல் இதே கையோடு போராடியிருக்கிறாள். ஃபிக்ரிக்குப் பாதி ஆறுதல், பாதி நடுக்கம். வழி ஒன்று இருக்கிறது என்று சொன்னான்: உப்புத்தாளால் பெயின்ட்டையே சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிப்பது.

"இப்பவே செய்யுங்க. நான் நின்னு பாக்குறேன். பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

தண்ணீரில் நனைத்த உப்புத்தாளைச் சுண்டுவிரலின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். ரிஃபாத், கையை எடுடா, என்று மனசுக்குள் கெஞ்சினான். சுண்டுவிரல் தேய்ந்து மறைந்தது. இந்தமுறை உண்மையாகவே போனது. அடுத்த விரலுக்கு நகர்ந்தான். அப்போது தாளிலிருந்து வழிந்த தண்ணீர் சிவப்பாக மாறியது. அவன் மணிக்கட்டு வழியே ஓடி, துடைத்து மினுக்கிய இன்ஜின் மேல் சொட்டியது.

வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் செங்காவி நிறத்தில் பிரைமர் இருக்கும். அந்தக் காலத்து வண்டி எல்லாவற்றிலும் அப்படித்தான். அதைச் சொல்ல ஃபிக்ரி வாயைத் திறந்தான்.

நவால் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"விடுங்க ஃபிக்ரி. அவருக்கு வலிக்குது."

அவன் உப்புத்தாளைக் கீழே போட்டான். அது வெறும் பிரைமர் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கும் வலிக்கிற மாதிரிதான் இருந்தது. தன் சிநேகிதனின் கையைத் தானே அறுத்தது போல உடம்பெல்லாம் கூசியது. அவள் அழுதுகொண்டே வியாழக்கிழமையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள்.

"நீங்க சொல்ல வேணாம். நிக்காஹ் வேணாம்னு ஷேக் கிட்ட நானே பேசிக்கிறேன்" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு வாசலில் போய் நின்றாள். ஃபிக்ரி பேட்டரி வயரை மாட்டினான், சிவப்புத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தான். மற்ற வண்டிகளுக்கெல்லாம் பானெட்டை மேலிருந்து அப்படியே விட்டு அறைந்து மூடுகிறவன், இதை இரண்டு கையாலும் தாங்கி மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் அழுத்தி மூடினான்.