அம்மனின் சுண்டுவிரல்

நான் வரைகிற எல்லா அம்மனுக்கும் வலக்கைச் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. கண்ணாடி முன்னால் என் இடக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் அதைப் பார்த்து வரைவேன். கண்ணாடியில் அது வலக்கையாகத் தெரியும். சின்ன வயதில் தங்கை கதவைச் சாத்தியபோது நசுங்கிய விரல் அது.

முகத்துக்கு அவள்தான் வந்து உட்காருவாள். "அக்கா, மூக்கு அரிக்குது. சாமிக்கெல்லாம் அரிக்காதா?" என்று சிணுங்குவாள். அம்மா போன பிறகு வந்த சண்டையில், "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டேன். என் பேச்சை அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான், ராட்சசி. வீட்டை மாற்றினாள், நம்பரையும் மாற்றினாள். மூன்று வருஷமாயிற்று.

இப்போது முகங்களை மனசுக்குத் தோன்றியபடி வரைகிறேன். விரலை மட்டும் வேண்டுமென்றே வளைத்து வைக்கிறேன். சாமி படத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. என்றைக்காவது ஒரு சுவரில் அவள் கண்ணில் பட்டால், அது அக்கா கை என்று தெரிந்துகொள்வாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நப்பாசையில்தான் சுவர் சுவராக ஏறி இறங்கினேன்.

கடைசியாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வரவேற்பறை. டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் அம்சமா இருக்கு. அந்த விரல் மட்டும் ஏன் கோணலா? வயித்துப் பிள்ளைக்காரிங்க பாக்குற இடம். நேராக்கிடுங்க."

மல்லுக்கு நின்றிருக்கலாம். கழுத்து வலி, அலுப்பு. ஒரு சுவர்தானே என்று நேராக்கிவிட்டு வந்தேன்.

மறுவாரம் வார்னிஷ் அடிக்கப் போனபோது நர்ஸ் சொன்னாள்:

"நேத்து ஏழு மாசக்காரி ஒருத்தங்க, இது எங்க அக்கா வரைஞ்சதுன்னு ஒரே அழுகை. அப்புறம் கிட்டப் போய்க் கையைப் பாத்தாங்க. 'அக்கா வரைஞ்சா சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும், இது வேற யாரோ'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க."

"மறுபடி எப்ப வருவா?"

"வரமாட்டாங்க. வேற ஊருக்குப் போறாங்களாம். ஃபைல வாங்கத்தான் வந்தாங்க."

"எந்த ஊரு?"

"கேக்கலையேக்கா. அட்ரஸ், நம்பர் எல்லாம் அந்த ஃபைலோட போயிடுச்சு."

ஏணியை விரித்தேன்.

"டாக்டரம்மா திட்டுவாங்கக்கா!"

"திட்டட்டும்."

விரலைப் பழையபடி வளைத்தேன். நான் பெரியம்மா ஆகப்போகிறேன். அதைச் சொல்ல எனக்கு அந்தச் சுவரை விட்டால் யாருமில்லை.