அப்பா நடந்த வீடியோ

பிசியோதெரபி படிப்பில் முதுமையும் உடல் இயக்கமும் என்று எங்களுக்கு ஒரு பாடம். வயதான ஒருவரை நடக்கவிட்டு வீடியோ எடுத்து, அந்த நடையில் என்ன குறை என்று வகுப்பில் விளக்க வேண்டும். ஒருத்தன் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரைப் பிடித்து வந்தான். அந்த மனிதர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தார். எனக்கு அந்த அலைச்சலே இல்லை, வீட்டிலேயே அப்பா இருந்தார்.

அப்பா பஸ் டிரைவர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஸ்டியரிங்கைப் பிடிக்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

மாடி வராந்தாவில் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு நடக்கச் சொன்னேன்.

"கேமராவைப் பாக்காதீங்கப்பா."

"நடிக்கறவனெல்லாம் எப்படித்தான் பாக்காம இருக்கானோ!"

இடுப்புக்குக் கீழே மட்டும்தான் எடுத்தேன். வகுப்பில் போட்டுக்காட்டியபோது யாருக்கும் ஆள் தெரியவில்லை. நானோ மணி மணியாக விளக்கினேன். வலது பாதத்தின் முன்பக்கம் மேலே எழும்பவில்லை, விரல் தரையில் உரசுகிறது, அதைச் சமாளிக்க முழங்காலைத் தேவைக்கு மேல் தூக்குகிறார் என்றேன். மேடம் வீடியோவை நிறுத்தினார்.

"அருமையா கவனிச்சிருக்கே. ஆனா இது வயசுக் கோளாறு இல்லம்மா. இடுப்புல நரம்பு அழுந்தியிருக்கலாம். சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. ஆமா, இவர் வண்டி ஏதாவது ஓட்டறாரா?"



"இல்ல மேடம். ரிட்டயர் ஆகிட்டார். வீட்டுலதான் இருக்கார்."

எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள், அந்தப் பொய்! ஒரு இருமல்கூட இல்லை.

"நல்ல வேளை. பிரேக்ல கால் வைக்கறவரா இருந்தா இன்னிக்கே நிறுத்துங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார் மேடம். வகுப்பு கை தட்டியது. வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மார்க்.

வீட்டுக்கு வந்தால் அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, உங்கப்பன் பாஸா?"

"முதல் மார்க்குப்பா."

"அப்படிப் போடு! காலைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், துணிச்சல் வரவில்லை. பஸ்ஸைப் பிடுங்கிவிட்டு அவருக்கு நான் என்ன கொடுப்பது?

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் நடக்கறீங்க."

அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்த ஞாயிறும் வந்தது. சொல்லாமல், அவர் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

"என்னடி, திடீர்னு பாசம் பொங்குது?" என்று அம்மா கிண்டல் செய்தாள். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டி என்ன பிரயோஜனம், மறுநாள் காலை அவர் வழக்கம்போல் டிப்போவுக்குக் கிளம்பிப் போனார்.

மனசு கேட்கவில்லை. அன்று கல்லூரிக்கு அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். சாதாரணமாக ஏற மாட்டேன், நாலு பேர் நடுவில் "வா வாயாடி" என்று கத்தி மானத்தை வாங்குவார். எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அவர் கால் தெரியும்.

பிரேக் போட வேண்டிய ஒவ்வொரு முறையும் அப்பா வலது கையால் பேன்ட்டைப் பற்றித் தொடையைத் தூக்கிக் காலைப் பிரேக்கில் வைத்தார். யார் கண்ணிலும் படாத அளவுக்கு அதைப் பழகி வைத்திருந்தார்.

கடைத்தெரு முனையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். அப்பா பார்த்துவிட்டார். கையும் தொடைக்குப் போய்விட்டது. கால்தான் வரவில்லை. ஒரு வழியாகப் பஸ் குலுங்கி நின்றபோது குழந்தை வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நின்றவர்களெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"யோவ் டிரைவர், தூங்கறியா?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. உக்காருங்க" என்று அப்பா மறுபடி கியரைப் போட்டார்.

"அப்பா, வண்டியை எடுக்காதீங்க" என்றேன்.

"ஏம்மா?"

"உங்க கால் பிரேக்குக்கு வரல. எனக்குத் தெரியும்பா. வீடியோ பாத்துட்டு மேடம் அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் மறைச்சுட்டேன்."

அப்பா எஞ்சினை அணைத்தார். கண்டக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வண்டியில் கோளாறு, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லி எல்லாரையும் இறக்கினார். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

அப்பா சீட்டை விட்டு எழவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"திட்டுங்கப்பா."

"எனக்கே ரொம்ப நாளா சந்தேகம்தாம்மா" என்றார். "டாக்டர்கிட்ட போக பயம். நீ வீடியோ எடுக்கணும்னு வந்தப்ப, சரி, கோளாறு இருந்தா நம்ம பொண்ணே சொல்லட்டும், அன்னிக்கே விட்டுடலாம்னுதான் நடந்து காட்டினேன். நீ நல்லா நடக்கறீங்கன்னு சொன்னே. படிக்கிற பொண்ணு பொய்யா சொல்லும்? அதை நம்பித்தான் வண்டி எடுத்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். செத்துப் போகலாம் போலிருந்தது.

கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தப் பெண், குழந்தையை வண்டியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் பார்த்தார். இறங்கிப்போய் அவளிடம் பேசுவதற்காகக் கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"நீங்க இருங்கப்பா" என்று நான் இறங்கி ஓடினேன்.

அவள் குழந்தையை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அந்த டிரைவர்? கூப்பிடு அந்த ஆளை!" என்றாள்.

"அவரைத் திட்டாதீங்கக்கா" என்றேன். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சது எனக்குத்தான்."