நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு

மறுநாள் காலை கடலூரில் எண்ணூறு மீட்டர் ஓட்டம், மாவட்டப் போட்டி. ஜெயித்தால்தான் வெண்மதிக்கு விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட் கேட்கவே முடியும். சிதம்பரத்திலிருந்து முந்தின நாளே பஸ் ஏறிப் பெரியம்மா வீட்டுக்கு வந்தவள், விளக்கணைத்ததும் பெரியம்மா மகள் இளவரசியைச் சுரண்டினாள். இளவரசி நர்சிங் இரண்டாம் வருஷம்.

"க்கா, நாளைக்கு நான் ஓடல. வயித்து வலின்னு சொல்லிடு."

"ஏன்டி?"

"ஓடுனா சீக்கிரம் செத்துடுவேன்."

போன வாரம் நடராஜர் கோயிலில் ஒருவர் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னதை வெண்மதி ஒட்டுக்கேட்டிருந்தாள். பொன் கூரையில் இருபத்தோராயிரத்து அறுநூறு ஓடு. மனுசன் ஒரு நாளைக்கு விடுகிற மூச்சும் அத்தனைதான். ஆயுசுக்கும் மூச்சை எண்ணித்தான் கொடுத்தனுப்புகிறார்களாம். வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்தாள். நிமிடத்துக்குப் பதினைந்து. கடிகாரத்தை வைத்துத் தன்னுடையதை எண்ணினாள். இருபது.

"நூறு வயசு எழுவத்தஞ்சா சுருங்கிடுச்சுக்கா. ஆறாவதுலேர்ந்து ஓடுறேன், அதயும் கழிச்சா அறுவத்தெட்டு. நாலு நாளா மூச்ச மிச்சம் புடிக்கறேன், தல கிர்ருனு சுத்துது."

இளவரசி தலையணையில் முகத்தைப் புதைத்தாள். கட்டில் குலுங்கியது.

"சிரிக்காத. அதுக்கும் மூச்சு செலவாவும்."

"லூசு, மூச்சு என்ன ரேசன் அரிசியா, அளந்து குடுக்க? ஒடம்பு வேணுங்கற அளவு இழுத்துக்கும். பன்னண்டுலேர்ந்து இருவது வரைக்கும் சாதாரணம். ஓட ஓட நெஞ்சுக்குப் பலம்தான். கையக் குடு, நாடி பாக்கறேன். பேசாம படு."

செல்போன் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"பதினாலு."

வெண்மதி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "நாடி பதினாலுதானா?"

"மூச்சுடி. எண்ணுறாங்கன்னு தெரிஞ்சா மாறிப்போவும். அதான் நாடி புடிக்கிற மாதிரி புடிச்சிக்கிட்டு நைசா நெஞ்சப் பாப்போம். நீ பயந்து பயந்து எண்ணுன, இருவது வந்துச்சு."

வெண்மதி விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள்.

"பதினாலுன்னா நூத்தியேழு வயசு வருதுக்கா. ஏழு வருசம் எக்ஸ்ட்ரா. எத்தன ரேசு வேணாலும் ஓடலாம்."

"நான் சொன்னது ஒண்ணாச்சும் மண்டைல ஏறுச்சா?"

"ஏறுச்சு. அஞ்சு மணிக்கு எழுப்பிடு."

செல்போன் அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் இளவரசியின் முணுமுணுப்புக் கேட்டது. ஒண்ணு... ரெண்டு... வெண்மதி சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு எத்தனக்கா?"

"பத்தொம்போது. மூடிக்கிட்டுத் தூங்கு, காலைல ஓடணும்."